ஒன்றரை விநாடி

ஓவ்லு,
ஜனவரி 9

அன்புள்ள தம்பி இல்க்காவுக்கு,

அக்கா சைலா எழுதுவது. நான் நலம். தோள்பட்டை வலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி கூடவே இருக்கிறது. உன் முதுகு எப்படி? உன் வீட்டுக்காரி மெர்வி கொடுத்தனுப்பிய கம்பளி இடுப்புப்பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லை பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாயா?

கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. வேறு வழி இல்லை. உன் போன் முகாம் வாசலில் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. இங்கே எங்களிடம், சோதனையில் இருக்கும் படைவீரர் யாரோடும் போனில் பேசமாட்டோம் என்று கம்பெனி கையெழுத்து வாங்கிவிட்டது. என் சொந்தத் தம்பியே அங்கே இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகும் மாற்றாமல் வைத்திருக்கும் புருஷன் வீட்டுப் பெயர் இதற்காவது உதவியது. போர்க்களத்தில் பத்திரமாகப் பேசுவதற்குப் போன் வலை கட்டுகிறவள் அக்கா. அதில் பேசிப் பார்க்கிறவன் தம்பி. இருவரும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தபாலும் வாரத்தில் மூன்று நாள்தான் வரும்.

எங்கள் பெட்டிகள் பதினான்கும் திங்கட்கிழமை லாரி ஏறிவிட்டன. அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்கிறேன். ஒரு பெட்டி, ஒரு கம்பம். அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு உங்களுக்கென்று தனி வலை. ஊர் டவரைத் தொடாது. எதிரி ஒட்டுக்கேட்க முடியாது. யார் எங்கிருந்து பேசுகிறார் என்று மோப்பம் பிடிக்கவும் முடியாது. பெட்டியோடு வரும் கைபேசிக்குள் இருக்கும் காற்றிரைச்சல் வடிகட்டி மட்டும் முழுக்க முழுக்க என் சரக்கு, இரண்டு வருட உழைப்பு. பனிக்காற்று, மூச்சிரைப்பு, தாடி உரசுவது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் பேச்சை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெட்டி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே நீ அதைத் திட்ட ஆரம்பிக்காதே. ஏப்ரலில் ராணுவம் இதை ஏற்றுக்கொள்ளுமா என்பது உன்னைப் போன்றவர்கள் சொல்வதில்தான் இருக்கிறது.

காலை ஈரமாக வைத்துக்கொள்ளாதே. பதில் போடு.

உன் அக்கா
சைலா


ஏரிக்கரை முகாம்,
ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு இருக்கிறது. இடுப்புப்பட்டையும் இருக்கிறது. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை. உன் தோளுக்கு சவுனா நீராவி அறையில் வெந்நீர் ஒத்தடம் கொடு, மாத்திரையை நம்பாதே.

பெட்டி வந்தது. கம்பத்தோடு அதை என் வண்டியில்தான் ஏற்றினார்கள். ராணுவத்தில் இருபது வருடம் போன் வயர் இழுத்தவனுக்குக் கிடைத்த பதவி உயர்வு. திட்டாதே என்றாய், திட்டவில்லை. நடப்பதைச் சொல்கிறேன். பாஸ்வேர்டு பதினாறு எழுத்து. குளிர் மைனஸ் இருபத்தெட்டு. கையுறையைக் கழற்றிப் பதினாறு எழுத்தையும் அடித்து முடிப்பதற்குள் எதிரி வந்து, காபி குடித்துவிட்டே திரும்பிப் போய்விடலாம். ஒரு எழுத்து தப்பினால் ஐந்து நிமிடம் பூட்டிக்கொள்கிறது. பேட்டரியை அக்குளில் வைத்துக் காப்பாற்றுகிறோம், முட்டையை அடைகாக்கிற மாதிரி.

வியாழக்கிழமை பட்டாணி சூப்பு வரிசையில் கேப்டன் ஸ்டென்ரூஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். ஹெல்சிங்கிக்காரர். நல்ல மனிதர்தான், வாய்தான் பேப்பர் படிக்கிற மாதிரி பேசும்.

"மொய்லனென், புது வலையில என்ன குறை கண்டீங்க?"

"குறையே இல்ல சார். எதிரிக்கும் கேக்கல, எங்களுக்கும் கேக்கல. அவ்வளவு பாதுகாப்பு."

"உங்க ஊர்க்காரங்களுக்குப் புதுசுன்னாலே ஆகாது."

"வயர் போனுக்குப் பாஸ்வேர்டு இல்ல சார். கைப்பிடியச் சுத்தினா மணி அடிக்கும், அவ்வளவுதான்."

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மெர்வி நலம். அப்பாவைப் போய்ப் பார்.

உன் தம்பி
இல்க்கா


ஓவ்லு,
ஜனவரி 25

அன்புள்ள இல்க்காவுக்கு,

நலம். தோளுக்கு ஒத்தடம் கொடுத்தேன், குடித்தனக்காரன் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டான். உன் முதுகைப் பற்றி உண்மையைச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் எரிச்சலோடு நடந்தேன். பாஸ்வேர்டு என் யோசனை இல்லை. ஒரு குழு. பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் கையுறை போட்டுப் பழக்கமில்லை. எட்டு எழுத்து போதும் என்று நானே மேலாளர் வேசாவிடம் மூன்று தடவை சொன்னேன். அவன் சொல்கிறான்: "சைலா, கஷ்டமா இருந்தாத்தான் பாதுகாப்புன்னு அவங்க நம்புவாங்க." இவர்களோடு எப்படி வேலை செய்வது, நீயே சொல்.

ஆனால் நீ கூட்டத்தில் வாயைக் கொடுத்தது சரியில்லை. குறை இருந்தால் காகிதத்தில் எழுதிக் கொடு. சூப்பு வரிசையில் சிரிக்க வைத்தால், நாளைக்கு நல்லதோ கெட்டதோ, "அவன் முதலிலிருந்தே எதிரி" என்றுதான் சொல்வார்கள்.

அப்பாவைப் பார்த்தேன். புவோலன்காவில் கூரை வரைக்கும் பனி. "இல்க்கா பத்திரமா இருக்கான்பா" என்றேன். "யோ" என்றார். "காசு, மருந்து எல்லாம் இருக்கா?" என்றேன். "யோ." "நான் கிளம்பட்டுமா?" அதற்கும் "யோ". நூற்றிருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் மூன்று ஆமாம் வாங்கி வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சைலா


ஏரிக்கரை முகாம்,
பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் தாமதம். எழுத நேரம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஒன்பதாம் தேதி மதியம் குளிர் மைனஸ் முப்பத்திரண்டுக்கு இறங்கியது. ஏரிக்கரையில் ஆறு பேர் பனிக்குள் பதுங்கிக் காவல் இருந்தார்கள். வண்டி அனுப்பி அவர்களை உள்ளே கொண்டுவரட்டுமா என்று கேப்டன் ஸ்டென்ரூஸ் பெட்டி வழியாகக் கேட்டார். கரையில் கைபேசி வைத்திருந்தவர் "யோ" என்று சொன்னதாகச் சொல்கிறார். இரண்டு தடவை. கேப்டனுக்கு எதுவும் கேட்கவில்லை. பதில் இல்லாததால் கரையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். வண்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போனது. தவுனோ லெய்னோனென் என்று ஒரு ரிசர்வ் படைக்காரர், ஊரில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர். வலது கையில் குளிரில் கருகிப்போன இரண்டு விரல் நுனியை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் பெட்டியின் பதிவில், பேசுவதற்கான பொத்தானை அழுத்தியது இருக்கிறதாம். பேச்சு இல்லையாம். அழுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தான் என்கிறார்கள்.

உன் பெட்டி தப்பாகச் சொல்லுமா? அதை மட்டும் எழுது.

இல்க்கா


ஓவ்லு,
பிப்ரவரி 22

அன்புள்ள இல்க்காவுக்கு,

நான் நலம். லெய்னோனென் எப்படி இருக்கிறார்? இயந்திரம் ஓட்டுகிறவருக்கு விரல்தானே எல்லாம்.

நீ கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில்: சொல்லாது. அந்தப் பதிவு என் மேஜைக்கே வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நாற்பத்தொன்றாம் கைபேசி. பொத்தான் ஒன்றரை விநாடி அழுத்தப்பட்டிருக்கிறது. வலை திறந்திருக்கிறது. பேச்சு இல்லை. நாற்பது விநாடி கழித்து மறுபடி ஒன்றரை விநாடி, மறுபடி பேச்சு இல்லை. ஒரு தடவை என்றால் ஏதோ கோளாறு எனலாம். இரண்டு தடவையும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால் அது கோளாறு இல்லை, ஆள். விசாரணைக்காரர்கள் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன்: "கைபேசியும் வலையும் சரியாக வேலை செய்தன. பயனாளர் பேசவில்லை." கீழே என் கையெழுத்து.

அந்த ஆளுக்காக நீ பரிந்து பேசாதே இல்க்கா. உனக்கு இரக்க குணம், தெரியும். ஆனால் ஒருவருக்கு விரல் போயிருக்கிறது. நாற்பத்தொன்றுக்காரன் தூங்கியிருப்பான், அல்லது புது வலை தோற்கட்டும் என்று வேண்டுமென்றே வாயை மூடியிருப்பான். செய்துவிட்டு "நான் சொன்னேன்" என்று பொய் வேறு. அவனைப் பார்த்தால் என் சார்பில் நாலு கேள்.

முதுகை வளைத்துப் பாரம் தூக்காதே.

அக்கா
சைலா


ஓவ்லு,
மார்ச் 13

அன்புள்ள இல்க்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. தபால்காரர் வருகிற மூன்று நாளும் வாசலில் போய் நிற்கிறேன். நேற்று அவரே, "இன்னைக்கும் விளம்பரத் தாள்தான்" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

உனக்கு வீட்டுக்கு வரும் வார இறுதி என்று நினைத்து, கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்த கையெழுத்தையும் மீறி ஞாயிறு மெர்விக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கார்" என்றாள். "கூப்பிடேன்" என்றேன். "விறகு பிளக்கிறார்" என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்த அரை மணி நேரமும் விறகு பிளந்தாய். எந்தக் காட்டையப்பா பிளக்கிறாய்?

பாஸ்வேர்டு விஷயமாக என் மேல் கோபமா? அல்லது நான் திட்டிய அந்த ஆள் உன் நண்பனா? எதுவானாலும் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா
சைலா


கயானி,
மார்ச் 18

சைலா அக்காவுக்கு,

மெர்வி வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் உடல்நலம் எப்படி? நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை.

எழுதக் கூடாது என்று அவர் சொன்னார். இரண்டு வாரம் அவர் பேச்சைக் கேட்டேன், இனிமேல் முடியாது. நாற்பத்தொன்றாம் கைபேசி உங்கள் தம்பியுடையது.

நீங்கள் கையெழுத்திட்ட தாளை அவர் முன்னால் வைத்துப் படித்தார்களாம். "பயனாளர் பேசவில்லை." எழுதியது தன் அக்கா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் வேலைக்கு ஆபத்து வரும் என்று. அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தது. படித்தார், மடித்தார், விறகு பிளக்கப் போனார். இப்போது அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சேமிப்புக் கிடங்கில் பனிச்சறுக்குக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் எட்டாம் தேதி விசாரணை. சூப்பு வரிசையில் பேசியதையெல்லாம் கேப்டன் எழுதி வைத்திருக்கிறார். புது வலையைக் கெடுக்க வேண்டுமென்றே செய்தான் என்று முடிவானால் வேலை போகும், இருபது வருடப் பெயரும் போகும். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது.

நான் அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "நெஜமாவே சொன்னீங்களா?" "யோ" என்றார். உங்கள் குடும்பத்து "யோ"தான் உங்களுக்குத் தெரியுமே, மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வது. கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆஸ்துமா என்று நினைத்து தெற்கே துர்குவில் இருக்கும் என் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறேன். இப்போது அந்தச் சத்தம்தான் வீட்டில் நான் நம்புகிற ஒரே பேச்சு. அவர் பொய் சொல்லவில்லை அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெர்வி


ஓவ்லு,
மார்ச் 24

இல்க்கா, என் தம்பி,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

மெர்வியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அலுவலகத்துக்குப் போனேன். முதலில் அழுதேன். பிறகு அந்த ஆஸ்துமா வரி மறுபடி கண்ணில் பட்டது. நாற்பத்து நான்கு வருடம் இதைச் சொல்லி வந்திருக்கிறேன், மூச்சை எந்தப் பக்கம் விடுகிறேன் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை.

கூட வேலை செய்யும் ஹெலியிடம் ஒரு கைபேசியைக் கொடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்பினேன். ஏதாவது கேள் என்றேன்.

"காபி வேணுமா?"

பொத்தானை அழுத்தி, அப்பாவை நினைத்துக்கொண்டு, "யோ" என்றேன்.

"சைலா, காபி வேணுமா வேணாமா?"

மறுபடி "யோ" என்றேன். ஹெலி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்னடி, பொத்தானை அழுத்திட்டு சும்மா நிக்கிற?"

"சொன்னேனே!" என்று கத்தினேன். இரண்டு தடவை சொன்னேனே!

கத்திய பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. பதிவை எடுத்துப் பார்த்தேன். பொத்தான் ஒன்றரை விநாடி. பேச்சு இல்லை.

என் வடிகட்டி அதை மூச்சிரைப்பு என்று எடுத்துத் தூர எறிந்திருக்கிறது. பதிவேடோ, வடிகட்டிய பிறகு மிஞ்சியதைத்தான் எழுதும். வேலிக்கு ஓணான் சாட்சி சொன்னது, நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். வடிகட்டியைப் பழக்க நாற்பது மாணவர்களின் குரலைப் பதிவு செய்தோம். எல்லோரும் ஹெல்சிங்கியில், சூடான அறையில், எழுதிக் கொடுத்ததைப் படித்தவர்கள். எழுதியதைப் படிக்கும்போது யார் மூச்சை உள்ளே இழுத்து ஆமாம் சொல்வார்கள்? எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். புவோலன்காவில் பிறந்தவள் நான்தான்.

நேராக வேசாவிடம் போனேன்.

"ஏப்ரல் முடியட்டும் சைலா. கையெழுத்து விழுந்ததும் சத்தமில்லாம சரி பண்ணிடலாம்."

"அதுக்குள்ள ஒருத்தர் வேலை போயிடும்."

"போனா போகட்டும். அந்தாளு உனக்கென்ன மாமனா மச்சானா?"

"தம்பி" என்றேன்.

அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். விசாரணை அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன். என் முதல் அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறேன், நேரில் வந்து நிரூபிக்கிறேன், நான் அவனுடைய அக்கா என்பதையும் மறைத்தேன் என்று எல்லாவற்றையும்.

உன்னைப் பொய்யன் என்று எழுதினேன். எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்பாயா?

சைலா


விசாரணை அலுவலகம்,
ஏப்ரல் 1

அம்மையீர்,

தங்கள் மார்ச் 24 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தாங்கள் விசாரணைக்கு உட்பட்டவரின் உடன்பிறந்தவர் என்று தாங்களே தெரிவித்துள்ளதால், தங்கள் இரண்டாவது அறிக்கையை ஏற்பதற்கில்லை. முதல் அறிக்கை, உறவுமுறை தெரியவரும் முன்னர் அளிக்கப்பட்டதாகையால், கோப்பில் தொடர்ந்து நீடிக்கும். தாங்கள் நேரில் வர வேண்டியதில்லை.

தங்கள் நலம் விழையும்,
(கையெழுத்து புரியவில்லை)


ஓவ்லு,
ஏப்ரல் 14

அன்புள்ள இல்க்காவுக்கு,

நலமா? முதுகு எப்படி? இனிமேல் இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லாமல் போகலாம், அதனால் கடைசித் தடவை மாதிரி கேட்கிறேன்.

விசாரணை அலுவலகம் அனுப்பிய பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார். தப்பாகச் சொன்னபோது நான் நிபுணர். சரியாகச் சொன்னபோது நான் அக்கா. மூன்று நாள் போன் செய்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் மிக இனிமையாக, "உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டேன்" என்றாள். கம்பெனியில் என்னைப் பெட்டிப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் ஞாயிறு உன் போன் வந்தபோது முதல் மணியிலேயே எடுத்தேன். "முடிஞ்சுது. விட்டுட்டாங்க" என்றாய். எப்படி என்று கேட்டேன், "எழுதறேன்" என்றாய். அதுவரைக்கும் சந்தோஷம்தான். பிறகு கேட்டேன், "என்னை மன்னிச்சிட்டியாடா?" என்று. நீ எதுவும் பேசவில்லை. காத்திருந்தேன். மறுபடி கேட்டேன். அப்போதும் இல்லை. "சரி, புரியுது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் மேல் கோபம் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன். ஈஸ்டருக்கு அப்பா வீட்டில் கிண்டிய மம்மிக் களியில் உன் பங்கு என்னிடம் அப்படியே இருக்கிறது, மெர்வியை அனுப்பி எடுத்துக்கொள். நான் இல்லாத நேரம் பார்த்து நீயே வந்தாலும் சரி.

சைலா


கயானி,
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகு நலம், இடுப்புப்பட்டையைக் கடைசியில் கட்டிவிட்டேன். உன் குடித்தனக்காரன் காலி செய்தானா?

விசாரணை நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தை யாரும் படிக்கவில்லை. உன் முதல் அறிக்கையை மட்டும் இரண்டு தடவை படித்தார்கள். கேப்டன் என் சூப்பு வரிசைப் பேச்சைப் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, கயானியில் மின்சார வயர் இழுக்க ஆள் எடுக்கிறார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து லெய்னோனென் சாட்சி சொல்ல வேண்டும். அவர் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். எல்லோர் போனும் வாசல் இரும்புப் பெட்டியில். அதனால் விசாரணைத் தலைவர், மேஜையில் சாட்சியமாக வைத்திருந்த உங்கள் கைபேசியை எடுத்தார். இன்னொன்றை லெய்னோனென் கையில் முன்பே கொடுத்திருந்தார்கள்.

"லெய்னோனென், உள்ள வரத் தயாரா?"

பதில் இல்லை.

"லெய்னோனென், நான் பேசறது கேக்குதா?"

பதில் இல்லை. மூன்றாவது தடவையும் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலைவர் காவலரை அனுப்பினார். லெய்னோனென் கட்டுப்போட்ட கையோடு வந்தார். மீசையில் சூப்பு.

"கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டீங்களா?" என்றார் தலைவர்.

"மூணு தடவ யோன்னு சொன்னேனே சார். இன்னும் எத்தன தடவதான் சொல்றது?"

தலைவர் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லெய்னோனெனை நடைபாதையில் நிற்கவைத்து, கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, மறுபடி கேட்டார். "யோ" என்று கதவு வழியாக எல்லோர் காதிலும் விழுந்தது. கைபேசியில் ஒன்றும் விழவில்லை. கேப்டன் ஸ்டென்ரூஸ் எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். உட்காரவே இல்லை, வெளியே போய் லெய்னோனெனின் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

என்னை விட்டுவிட்டார்கள். விரல் திரும்ப வராது. லெய்னோனென் என்னிடம், "ஒம்மேல எனக்குச் சந்தேகமே இல்லப்பா, நீ மத்த நாளும் அவ்வளவுதான் பேசுவ" என்றார். பெட்டிக்கு ஏப்ரல் கையெழுத்து இல்லை, ஒரு வருடம் தள்ளிவிட்டார்கள். வடிகட்டியை மாற்றுவது எப்போது என்று தெரியவில்லை. ஆனால் முகாம் பலகையில் சுற்றறிக்கை வந்துவிட்டது: "ஆம் என்பதைப் படையினர் இனி மூச்சை வெளியே விட்டே சொல்ல வேண்டும்." பாஸ்வேர்டைப் பதினெட்டு எழுத்தாக்கியிருக்கிறார்கள்.

இப்போது நம் விஷயம். எனக்குக் கோபம் இருந்தது. பெட்டியை நம்பினாய் என்று இல்லை. நாற்பத்தொன்று யார் என்று என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன், அது என் முட்டாள்தனம்.

ஞாயிறு போனில் நான் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ "சரி, புரியுது" என்று வைத்ததும், இவ்வளவு சொல்லியும் வைத்துவிட்டாளே என்று நானும் எரிச்சலில் கிழக்குப் பக்கத்து விறகை முழுக்கப் பிளந்துவிட்டேன். உன் கடிதத்தை மெர்விக்குப் படித்துக் காட்டினேன். அவள் பத்து நிமிடம் சிரித்தாள். பிறகு, கடையில் வாங்கின போனிலும் இந்த வடிகட்டிச் சமாச்சாரம் உண்டு, இவ்வளவு படித்த உங்கள் அக்காவுக்கு இது தெரியாதா என்று கேட்டாள்.

நீ இரண்டு தடவை கேட்டாய். நான் இரண்டு தடவை பதில் சொன்னேன். காகிதம் எதையும் வடிகட்டாது, அதனால் மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்:

யோ.

மம்மியை எடுத்து வை. சனிக்கிழமை நீ இருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறேன்.

உன் தம்பி
இல்க்கா